சொம்பு விழுந்த சத்தம்

ணங்!

முதலில் கேட்டது அதுதான். அடுத்து ஒரு 'தொப்'. அதற்கப்புறம் சொம்பு சிமெண்ட் தரையில் உருண்டு, சுவரில் இடித்து, திரும்பி வந்து, தன்னைத்தானே நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு அடங்குகிற சத்தம்.

நம்மவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைய சோப்பு. சத்தங்களை வைத்துத்தான் நிலவரத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. ணங் என்றது சொம்பு. அப்படியானால் தொப் என்றது யார்? குளியலறையில் வேறு யாரும் இல்லை. ஆகவே அது தாமாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தபோது, இடது முழங்கை அதை வழிமொழிந்தது.

"என்ன சத்தம்?" கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்ல. சொம்பு விழுந்துருச்சு."

"சொம்பு இவ்வளவு கனமாவா விழும்?"

"தண்ணியோட விழுந்துச்சு."

வெளியே வளையல் சத்தம் கதவுக்குக் கிட்டே வந்தது.

"அடி பலமா?"

"யாருக்கு?"

"சொம்புக்குத்தான்."

"லேசா நெளிஞ்சிருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

காலடிச் சத்தம் மெதுவாக விலகிப் போயிற்று. நம்மவர் தரையில் உட்கார்ந்தபடியே முகத்தைக் கழுவிக்கொண்டு, பெருமூச்சு விட்டார். ஒரு முனகல்கூட இல்லாமல், வாயைத் திறக்காமல், கௌரவமாக விழுந்திருக்கிறோம் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. எழுபத்தெட்டு கிலோ ஆசாமி இத்தனை ரகசியமாக விழுவது லேசான காரியமா?

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர். இரவு வேலை. ராத்திரி எட்டுக்குப் போனால் காலை ஆறுக்கு வீடு. வந்ததும் குளியல், பிறகு தூக்கம். ஊர் எழுந்து பல் தேய்க்கிற நேரத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டிக்கொண்டு படுக்கிறவருக்கு, உலகத்தில் எல்லாருமே கொஞ்சம் தூரத்து உறவு மாதிரிதான். மனைவியைக்கூட அவர் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். அவள் தையல்காரி. முன்னறையில் மிஷின். அந்த மிஷின் ஓடுகிற சத்தத்தில்தான் அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தூங்குகிறார். மிஷின் நின்றால் பாதி விழித்துக்கொள்வார்.

விழுந்ததை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் அவருடைய மாமனார்.

மாமனார் இதே மாதிரி ஒரு குளியலறையில், இதே மாதிரி ஒரு காலை வேளையில் வழுக்கி விழுந்தார். ஒரு மழைக்காலத்தில் படுத்தவர் அடுத்த மழைக்காலம் வரை எழுந்திருக்கவேயில்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, சோறு ஊட்டியது மகள்தான். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு சட்டம். குளியலறைக்குள் போனவர் பத்து நிமிஷத்தில் வெளியே வர வேண்டும். வராவிட்டால் கதவு தட்டப்படும். நம்மவர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்த காலமெல்லாம் மாமனாரோடு போயிற்று.

தாம் விழுந்தது தெரிந்தால் அவள் தட்டிக்கொண்டே இருப்பாள். தட்டாத நேரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். சட்டைக் கையைக் கொண்டு போய்க் கழுத்தில் தைப்பாள். அந்த முகத்தை அவர் ஒரு வருஷம் பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

ஆகவே நம்மவர் அன்று துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு சபதம் எடுத்தார். ஒன்று, இனி விழக்கூடாது. இரண்டு, விழுந்தது தெரியக்கூடாது.

முதல் சபதத்துக்காக மறுநாளிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குளித்தார். பேருந்துப் படியில் தொங்குகிறவர் குளிப்பதுபோல் இருந்தது. இரண்டாவது சபதத்துக்காக முழுக்கைச் சட்டை போட்டார்.

"என்ன புழுக்கத்துல முழுக்கை?"

"ஸ்டைலு."

"கைய மடிச்சு விட்டப்ப பாத்தேன், முழங்கை என்ன இப்படி நீலமா இருக்கு?"

"தொழிற்சாலையில அடுப்புக் கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"அடுப்புல பட்டா சுட்டுல்ல போகும்?"

"அணைஞ்ச அடுப்பு."

"ஓகோ" என்றாள். அவள் 'ஓகோ' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். அவர் நிம்மதியாகப் படுக்கப் போனார். அன்று பகலில் ஒரு விசித்திரமான கனவு. குதிகாலில் ஒரு பல்லி ஏறியது. மெதுவாக, அளந்து அளந்து, முழங்கால், இடுப்பு என்று ஊர்ந்து, முழங்கைக்கு வந்ததும் நின்றது. அடிபட்ட இடத்தில் பட்டும் படாமல், ஊதிவிடுவதுபோல் ஏதோ செய்துவிட்டுப் போயிற்று. இப்படியும் ஒரு பல்லியா என்று நினைத்தபடியே புரண்டு படுத்தார்.

ஒரு வாரம் குழாயைப் பிடித்துக்கொண்டு குளித்ததில் குழாய் ஆட ஆரம்பித்தது. இப்போது வீட்டில் ஆடுகிறவை இரண்டு என்றாயிற்று. இதற்கு ஒரே வழி, குளியலறையையே மாற்றிக் கட்டுவது. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. ஆனால் 'எனக்குக் கம்பி வேணும்' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'எதுக்கு?' என்றுதானே வரும்?

விடியற்காலையில் வண்டியில் ரொட்டி ஏற்றும்போது ஓவன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். ஓவன் அண்ணன் முப்பது வருஷமாக அடுப்பின் முன்னால் நிற்கிறவர். மனைவியை ஜெயிப்பது பற்றி அவருக்கு நிறைய யோசனைகள் உண்டு. ஒன்றையும் தம் வீட்டில் செய்து பார்த்ததில்லை.

"நமக்கு ஒண்ணு வேணும்னா, நமக்குன்னு கேக்கவே கூடாதுப்பா. அவங்களுக்காகன்னு சொல்லணும். அவங்க மனசு குளிர்ந்துரும். நம்ம வேலையும் முடிஞ்சுரும்."

"அவளுக்கு எதுக்கு கம்பி?"

"அவங்களுக்கு ஏதாவது வலி இருக்குமே?"

"இல்லண்ணே. கல்லு மாதிரி இருக்கா."

"இல்லாட்டி உண்டாக்கு."

நம்மவர் வீடு வந்து சேருகிற வரைக்கும் யோசித்தார். தையல்காரி. மிஷின் மிதிக்கிற கால். முட்டி! அவருக்கே தம் அறிவைக் கண்டு புல்லரித்தது.

"இந்தா" என்றார் உள்ளே நுழைந்ததும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனைவியை அவர் 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். 'இந்தா', 'இங்க பாரு', 'கேட்டியா', இந்த மூன்றுக்குள் இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் நடந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கோபம்?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டார்.

"இந்தா, உனக்கு முட்டி வலிக்குதா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா வலிக்குமா?"

"இருபது வருஷமா மிஷின் மிதிக்கிற முட்டி. வலிக்காம எப்படி இருக்கும்? வலிக்குது, உனக்குத் தெரியல."

"என் முட்டி, எனக்குத் தெரியாதா?"

"நீ எங்க உன்னக் கவனிக்கிற? உனக்கெல்லாம் வலிச்சா நான்தான் சொல்லணும்."

அவள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டு, "நீங்க சொல்லும்போது ஏதோ சுருக்குன்னு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவர் வரும்போது அவள் நொண்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

நம்மவருக்கு ஒரு நொடி உற்சாகம், மறுநொடி பகீர் என்றது. சும்மா சொன்னது பலித்துவிட்டதா? நம் வாய் அவ்வளவு பொல்லாததா?

"ரொம்ப வலிக்குதா?"

"நீங்க சொன்ன பிறகுதான் தெரியுது. எத்தனை வருஷமா வலிச்சிருக்கோ!"

"உக்காரு, உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"துணி ஊற வச்சிருக்கேன். குனிய முடியல."

"நான் துவைக்கறேன்."

"வீடு துடைக்கணும்."

"நான் துடைக்கறேன்."

"பரண் மேல இருந்து பெரிய பாத்திரத்த இறக்கணும்."

"ஏறறேன்" என்றார் நம்மவர். முழங்கை 'வேண்டாம்' என்றது. யார் கேட்டார்கள்?

இரவெல்லாம் ஐம்பது கிலோ மாவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, காலையில் பிழிந்த போர்வையோடு மல்லுக்கட்டினார். ஆனால் இதில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. முன்பெல்லாம் வந்ததும் குளித்துவிட்டுப் படுத்துவிடுவார். இப்போது அவர் துவைக்க, அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, காலர் அழுக்கு போகவில்லை, கைமடிப்பில் சோப்பு பத்தாது என்று மேற்பார்வை செய்தாள். அதற்கு நடுவில் ஊர்க்கதை சொன்னாள். இரண்டாம் வீட்டுக்காரி இடுப்பளவு இருபத்தெட்டு என்று எழுதச் சொன்னதையும், இவள் முப்பத்துநாலுக்குத் தைத்ததையும், அது கச்சிதமாகப் பொருந்தியதையும் சொல்லிச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் சிரித்து அவர் இவ்வளவு பார்த்ததில்லை.

ஒரே ஒரு சந்தேகம்தான். திங்கட்கிழமை இடது காலை நொண்டினாள். புதன்கிழமை வலது கால்.

"இந்தா, முந்தாநேத்து அந்தக் கால்தானே?"

"ஆமா."

"இப்ப இந்தக் காலு?"

"வலி என்ன சொந்த வீட்டுலயா குடியிருக்கு? வாடகைக்கு இருக்குது. எடம் மாத்துது."

அவர் அந்தச் சந்தர்ப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்த வழுக்குத் தரையில நீ எப்படிக் குளிப்ப? குளியலறைய மாத்திரணும். உனக்காக. கம்பி வைக்கணும். உனக்காக. உக்காந்து குளிக்க மேடை கட்டணும்."

"எனக்கு நின்னு குளிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்."

"முட்டி!"

"ஆமா, மறந்துட்டேன்" என்று அவசரமாக முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால ஒத்துக்கறேன்."

அந்தத் தெருவில் டைல்ஸ் வேலைக்குப் பேர்போன மேஸ்திரி ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் 'பாத்துக்கலாம்' என்கிறவர். அவர் 'பாத்துக்கலாம்' என்றால் இரண்டு மாதம் ஆகும் என்று கணக்கு. நம்மவர் போய்ச் சொன்னதும், "நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்" என்றார். நம்மவருக்குத் தம் பேச்சுத் திறமையில் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறிற்று.

சொன்னபடியே மறுநாள் ஏழு மணிக்கு உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார். வந்தவர் எதையும் அளக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நம்மவரை மேலும் கீழும் பார்த்தார், சீட்டை உள்ளே வைத்துக்கொண்டார்.

"அது என்ன சீட்டு?"

"வேற ஒண்ணுமில்ல, வேலைக்குறிப்பு சார்."

டைல்ஸ் தேர்வு செய்கிற அன்றுதான் நம்மவருக்கு வியர்த்தது. கடைக்காரர், மாதிரிக்கு வைத்திருந்த ஓடுகளை மேஜை மேல் பரப்பினார். மனைவி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போய், பளபளவென்று மின்னிய ஒன்றில் நின்றாள்.

"இது நல்லா இருக்கு. கண்ணாடி மாதிரி. குனிஞ்சா நம்ம முகமே தெரியுது."

"வேணாம்!" என்று கத்திவிட்டார். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்?"

"வழுக்கும்."

"யாரு வழுக்குவா?"

"யாரும் இல்ல. பொதுவா. உலகத்துல."

"உலகம் நம்ம வீட்டுக்கு வந்தா குளிக்கப் போகுது?"

"உன் முட்டி..."

"என் முட்டி என் கூடத்தானே வரும். நான் பாத்து நடந்துக்கறேன். இது அழகா இருக்குங்க. என்ன சொல்றீங்க?"

நம்மவர் அந்தப் பளபளப்பையே பார்த்தார். அந்த ஒரு கணம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டிவிடலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் மாமனார் படுத்திருந்த கட்டில் ஞாபகம் வந்தது. "கண்ணு கூசும்" என்றார் பலவீனமாக. "எனக்கு ராத்திரி வேலை. வெளிச்சம் ஆகாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவது அடக்கினாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த சொரசொரப்பான இளநீல ஓட்டை எடுத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். அந்தக் கடையில் இருந்ததிலேயே அதிகச் சொரசொரப்பு அதுதான். இன்னும் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் அதில் தேங்காய் துருவலாம்.

"அப்ப இதுவே போடலாம். உங்க கண்ணுக்காக" என்றாள்.

ஆறு நாள் வேலை. நம்மவருக்கு ஆறு நாளும் தூக்கமில்லை. பழைய தரையைப் பெயர்க்கிற உளி நேராக அவர் தலைக்குள்ளேயே இறங்கிற்று. மனைவி அவர் காதில் பஞ்சு வைத்து, அதற்கு மேல் ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் போனாள். குளியல் தொழிற்சாலைக் குழாயடியில். துணி துவைப்பது மட்டும் கொல்லைக் குழாயில் நிற்காமல் நடந்தது.

மேஸ்திரி வேலையில் கெட்டிக்காரர். ஒவ்வொரு ஓட்டையும் பதித்ததும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். உள்ளே கலவை நிரம்பியிருந்தால் 'டிக்' என்னும். இடைவெளி இருந்தால் 'டொக்' என்னும். டொக் என்றால் பெயர்த்துவிடுவார். "பொய்யா ஒட்டியிருக்கு சார். மேல பாத்தா தெரியாது. தட்டுனா தெரிஞ்சுரும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் ஏன் தம்மைப் பார்த்தார் என்று நம்மவருக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் கம்பி மாட்டுகிற கட்டம். இங்கேதான் நம்மவருக்குத் திடீரென்று உறைத்தது. கம்பி மனைவிக்காக. மனைவி அவர் தோளுக்குத்தான் வருவாள். அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால், அது அவருக்குத் தொடைக்கு வரும். விழுகிற நேரத்தில் தொடையால் எதைப் பிடிப்பது?

மனைவி துணி கொடுக்க வெளியே போயிருந்தாள். நம்மவர் மெதுவாக மேஸ்திரியிடம் போனார்.

"மேஸ்திரி, கம்பி எவ்வளவு உயரம்?"

"அக்கா அளவு குடுத்துட்டாங்க சார்."

"அவ அளவுக்கு மேல ஒரு அஞ்சு அங்குலம் ஏத்திரு."

மேஸ்திரி சீட்டை எடுத்துப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அஞ்சு அங்குலமா? எட்டாதே சார்."

"எட்டணும்னு இல்ல. கைய மேல தூக்கிப் பிடிச்சாத்தான் முட்டிக்கு நல்லது. டாக்டரே சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர் சார்?"

"எல்லா டாக்டரும்தான்."

மேஸ்திரி துளையிடுகிற மிஷினைக் கையில் எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாத்துக்கலாம் சார்" என்றார்.

ஏழாம் நாள் காலை, வேலையிலிருந்து வந்த நம்மவர் புதுக் குளியலறைக்குள் முதல் தடவையாக நுழைந்தார். இளநீலச் சுவர். கதவிலிருந்து வடிகால் வரை தண்ணீர் தேங்காமல் ஓடுகிற வாட்டம். உட்கார அகலமாக ஒரு மேடை. மேடைக்கு மேலே ஒரு சின்ன மாடம், அதில் சோப்பு, நசுங்கிய அதே பழைய சொம்பு. இடது சுவரில் கம்பி.

தலையில் தண்ணீர் ஊற்றி, முகமெல்லாம் சோப்புப் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு பரிசோதனைக்காக இடது பக்கம் லேசாகச் சாய்ந்து பார்த்தார். கை தானாக நீண்டது. கம்பி அங்கே இருந்தது. ஒரு அங்குலம் மேலே இல்லை, ஒரு அங்குலம் கீழே இல்லை. அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி கைக்குள் வந்து உட்கார்ந்தது.

"அஞ்சு அங்குலம்!" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். மேஸ்திரி வாழ்க. ஓவன் அண்ணன் வாழ்க. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் அவர் நினைத்தது நடந்திருக்கிறது. அவருக்குப் பாடக்கூடத் தோன்றிற்று.

முகத்தைக் கழுவிவிட்டுச் சோப்பை வைக்க மாடத்தில் கைவிட்டபோது மூலையில் காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. மேஸ்திரியின் அந்தச் சீட்டு. கலவைக் கறை படிந்த மடிப்பைப் பிரித்தார்.

மேஸ்திரி எழுத்து இல்லை அது. தையல் துணியில் கோடு போடுகிற நீலப் பென்சில். அவர் நன்றாக அறிந்த, சாய்ந்த சின்ன எழுத்து. வாடிக்கைக்காரர்களுக்குச் சட்டை தைக்க அளவெடுத்தால் அவள் எப்படி எழுதி வைப்பாளோ, அதே மாதிரி.

'ஆள்: வீட்டுக்காரர். குதிகால் முதல் முழங்கை: நாற்பத்தொன்றரை. (படுத்த நிலையில் எடுத்தது.) கம்பி அதற்கு மூன்று அங்குலம் கீழே. இடது பக்கம். மேடை அகலம் பதினாறு. துணி துவைக்கவும் உதவும். தரை சொரசொரப்பு. டெலிவரி: அவராக வந்து கேட்கும்போது. அவசரம் காட்ட வேண்டாம். உயரத்தை மாற்றச் சொல்வார், சரி என்று சொல்லிவிட்டு இதையே வைக்கவும்.'

கீழே தேதி. சொம்பு விழுந்ததற்கு மறுநாள்.

நம்மவர் மேடை மேல் உட்கார்ந்தார். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் நீல எழுத்தின் மேல் விழுந்தது. பல்லி ஞாபகம் வந்தது. அளந்து அளந்து ஏறிய பல்லி. முழங்கையில் வந்து ஊதிவிட்டுப் போன பல்லி.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது. கதவு தட்டப்படவில்லை. அப்போதுதான் அவர் கவனித்தார். மிஷின் ஒரே சீராக, எங்கேயும் தயங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு சீட்டோடு முன்னறைக்கு வந்தார். மனைவி இரண்டு காலாலும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முட்டியும் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஏறி இறங்கின.

"முட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"முந்தாநேத்தோட சரியாப் போச்சு. கம்பி மாட்டினதுமே விட்டுருச்சு."

"நீ அந்தக் கம்பியப் பிடிக்கவே இல்லையே."

"எனக்கு எதுக்கு? அது என் அளவுக்கா வச்சிருக்கு?"

அவர் சீட்டை மிஷின் மேல் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். மிஷின் நின்றது.

"மடையன் அந்த மேஸ்திரி" என்றாள் மெதுவாக. "கிழிச்சுப் போடச் சொன்னேன்."

"முதல் நாளே தெரியுமா?"

"ம்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இல்லம்பீங்க. நான் ஆமாம்பேன். நீங்க கோவிச்சுக்கிட்டு அந்த வழுக்குத் தரையிலயே இன்னும் மூணு மாசம் வீம்புக்குக் குளிப்பீங்க. எனக்கு அத்தனை நாள் தாங்காது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எப்ப வந்து கேப்பீங்கன்னு காத்திருந்தேன். பத்து நாளுக்கு மேல ஆச்சு. அத்தனை நாளும் நீங்க உள்ள குளிக்கும்போது நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன்."

நம்மவர் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு, தோற்றவன் கடைசியாக ஒரு காயை நகர்த்துவதுபோல், "நான் ஒரு சத்தம் போடல. முனகக்கூட இல்ல. சொம்பு விழுந்துச்சுன்னு சொன்னேன். அத நம்பறதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் வேறு ஏதோ இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா அந்தச் சொம்பு விழறதக் கேக்கறேன். ஒரு தடவகூட அது என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அன்னைக்குத்தான் கூப்பிட்டுச்சு."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

நம்மவர் நின்றார்.  கொல்லைப்புறக் கதவருகே ஒரு வாளி நிறையத் துணி சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் முட்டி சரியாகிவிட்டது என்பது அவருக்கு நினைவில் இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். பதினாறு அங்குல மேடையில் உட்கார்ந்து, முதல் சட்டையை எடுத்து, காலரில் சோப்புப் போட்டுக் கசக்க ஆரம்பித்தார்.